ஒரு தேக்கரண்டி இடம்

கமலநாதன் அதிகம் பேசமாட்டார் என்பது பண்டமாரானில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டு இருபது வருடத்துக்கும் மேலாகக் குப்பை கொட்டியவள் குமுதா. ஆகவே அவர் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் பேசாமல் இருப்பது வேறு, பேசினால் பதில் சொல்லாமல் இருப்பது வேறு இல்லையா? போன தீபாவளிக்குப் பிறகு மனுஷன் முதல் ரகத்திலிருந்து இரண்டாவது ரகத்துக்குத் தாவிவிட்டார். அதுதான் அவளுடைய மனத்தாங்கல். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் கூடவே உட்கார்ந்து பூக்கட்டுகிற தங்கை சீதாலெட்சுமியிடம்கூடச் சொல்லவில்லை.

பூக்கடை பிரிக்ஃபீல்ட்ஸில், வீடு பண்டமாரானில். தினமும் விடியும் முன்பே கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயில் பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையைத் தங்கை தலையில் கட்டிவிட்டு வீட்டோடு இருப்பாள். வீட்டோடு என்றால் வொர்க்‌ஷாப்போடு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்பக்கம் கமலநாதன் இன்ஜின் பிரிக்கிற இடம், பின்பக்கம் குடும்பம் நடத்துகிற இடம். நடுவில் ஒரு கதவு, அதுவும் பாதி நாள் திறந்தே கிடக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனபோது அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்குத் தொடுத்தவன் விமலன். துறைமுகத்தில் டிரெய்லர் லோரி ஓட்டுகிறவன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் ஒரு பழைய சத்ரியா காரை வாங்கி, அதன் இன்ஜினைக் கமலநாதன் கையில் ஒப்படைத்திருந்தான். பெஞ்சு மேல் நான்கு பிஸ்டன்கள் புத்தம் புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, நீங்க சொல்லித்தானே இந்த பிஸ்டனை வாங்கினேன். தலை உயர்ந்தது வேணும்னீங்க. இப்ப அந்தத் தலையச் சீவணும்னா எப்படிண்ணே?"

"சீவினா பத்துப் புள்ளி மூணு வரும். அது போதும்."

"பதினொன்றரைன்னு சொன்னீங்களே!"

"அப்ப சொன்னேன்."

"கார்த்திகேசு காருக்குப் போட்டீங்கதானே? எனக்கு மட்டும் ஏண்ணே?"

கமலநாதன் ஒரு பிஸ்டனை எடுத்துத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இந்தப் பத்தும் பதினொன்றரையும் என்னவென்று குமுதாவுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் வாயைத் திறந்தாலே வந்தது இது ஒன்றுதான், வேறு எதைக் கண்டார் அவர்? பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டருக்குள் எவ்வளவு இடம், அது மேலே ஏறி வந்து நசுக்கும்போது எவ்வளவு இடம் மிச்சம், இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் கம்ப்ரெஷன். மிச்ச இடம் குறையக் குறைய நசுக்கல் கூடும், வலுவும் கூடும். டர்போ கிர்போ எதுவும் இல்லாமல் தானாக மூச்சிழுக்கிற இன்ஜினுக்கு இதைவிட்டால் வேறு பெரிய ஊட்டம் கிடையாது. விமலனின் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் நானூறு சிசி. நசுக்கிய பிறகு நாற்பத்து மூன்று சிசி மிச்சம் விட்டால் பத்துப் புள்ளி மூன்று, முப்பத்தெட்டு விட்டால் பதினொன்றரை. வித்தியாசம் ஐந்தே ஐந்து சிசி. இருமல் மருந்து ஊற்றுகிற தேக்கரண்டியில் சரியாக ஒன்று. அந்த ஒரு தேக்கரண்டி இடத்துக்குத்தான் காலையிலிருந்து இந்தச் சண்டை.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்களே, அந்தத் தேக்கரண்டியின் கதையும் அதுதான். அளவுக்கு மிஞ்சி நசுக்கினால் உள்ளே இருக்கிற பெட்ரோல் தன் முறை வருமுன்னே தானாக வெடிக்கும். நாக் என்று மற்ற மெக்கானிக்குகள் சொல்வதைக் கமலநாதன் எப்போதும் கடுகு என்றுதான் சொல்வார். மூடி போட்ட சட்டிக்குள் கடுகு வெடிப்பதுபோல மெல்லிசாக, உலோகத்தில் பட்டுத் தெறிப்பதுபோலக் கேட்குமாம். கேட்டவுடன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காவிட்டால் பிஸ்டன் உடைந்துவிடும்.

"நான் உசத்தியான தொண்ணூத்தேழு பெட்ரோலைத் தவிர வேற எதையும் ஊத்த மாட்டேண்ணே, சத்தியமா. என்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஹெல்மெட்டுக்குள்ள கடுகு வெடிச்சா உனக்குக் கேக்குமா?"

"டைனோ மிஷின்ல ஏத்தி ஓடவிட்டு நீங்கதானேண்ணே கேட்டு செட் பண்ணுவீங்க. அப்புறம் எப்படி வெடிக்கும்?"

கமலநாதன் பிஸ்டனைக் கீழே வைத்தார். "நாளைக்கு லேத்துக் கடைக்குப் போவுது. அவ்வளவுதான்."

விமலன் தோற்றவன் முகத்தோடு குமுதா பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா."

"நான் சொல்லி எங்க கேக்கறாரு?" என்றாள் குமுதா, தேத்தண்ணியை டொக்கென்று வைத்துவிட்டு. "செவிடன் காதுல ஊதின சங்குலா."

இது மட்டும் அவருக்குக் கேட்டுவிட்டது. சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது, வரட்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

அவள் கோபத்துக்கும் காரணம் இருந்தது. போன தீபாவளிக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் மெஷின் மேற்பார்வை வேலை காலியாக இருக்கிறது என்று சொன்னார். மாதச் சம்பளம், மருத்துவச் செலவு, ஞாயிறு விடுமுறை. குமுதா அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடாமல் பேசினாள். கமலநாதன் "பாக்கலாம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு மாட்டேன் என்று பொருள்.

மூன்றாம் நாள் அவள் எதற்கோ முன்பக்கம் எட்டிப் பார்த்தபோது அவர் ஒரு இன்ஜினை முதல்முறையாக ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார். அது உறுமிப் பிடித்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிய தகப்பன் முகத்தில் வருகிற சிரிப்பு. குமுதா கதவிடுக்கிலேயே நின்றுவிட்டாள். இந்தச் சிரிப்பைக் கொண்டுபோய்த் தொழிற்சாலையிலா அடைப்பது?

அன்று மாலை அவர் சமையற்கட்டுக்கு வெளியே மேசையில் உட்கார்ந்திருந்தபோது, அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவியபடியே சொன்னாள். முகம் பார்த்துச் சொல்கிற விஷயமில்லை அது. அந்த மாதிரிப் பேச்செல்லாம் அவர்கள் இருவருக்கும் வழக்கமில்லை. "ஃபேக்டரி வேணாங்க. நீங்க இன்ஜின்காரராவே இருங்க. அப்படி இருக்கற உங்களைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டுக் குழாயை மூடிக் காத்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் ஏதோ உதிரிப் பாகத்தின் அட்டைப்பெட்டியைப் படித்துக்கொண்டிருந்தார்.

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வாயைத் திறந்து சொன்ன வார்த்தை அது. அதற்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான். அதற்கப்புறமும் அவள் பழக்க தோஷத்தில் சமையற்கட்டிலிருந்து எதை எதையோ சொல்லிப் பார்த்தாள். மழை வரும்போல இருக்கு, துணிய எடுங்க. இன்னிக்குக் கடையில ஒரு கல்யாண ஆர்டர் வந்துச்சு. ஒன்றுக்கும் பதிலில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவளும் நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு தயார் என்பதைக்கூட இப்போதெல்லாம் போனில் எழுதித்தான் அனுப்புகிறாள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு.

விமலன் போனபிறகு அவள் சாம்பாருக்குத் தாளிக்க எண்ணெய் காயவைத்தாள். கடுகைப் போட்டாள். தெறிக்காமல் இருக்க மூடியையும் போட்டாள். அந்த நேரம் பார்த்து வாசல் கேட்டில் பக்கத்து வீட்டு மார்க்கிரட் ஆன்டி, "குமுதா, குமுதா" என்று கூப்பிட்டார். தண்ணீர் குடிக்க வந்த கமலநாதன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவள் அவர் எதிரில் வந்து, கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் திணித்து, "கடுகு வெடிச்சு அடங்கினதும் இதப் போட்டு அடுப்ப அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

மார்க்கிரட் ஆன்டி வாங்கிப்போன டப்பாவைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருந்தார். டப்பாவைக் கொடுத்தால் சும்மா போவாரா? மகள் வாங்கிய புது வீடு, முட்டிவலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். குமுதா திரும்பி வரும்போதே தீய்ந்த நாற்றம் நடைவரைக்கும் வந்துவிட்டது. மூடியின் ஓரத்திலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது.

கமலநாதன் அடுப்பை விட்டு அசையவில்லை. கறிவேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைச் சட்டிப் பக்கம் சாய்த்து, பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல அவ்வளவு கவனமாக நின்றிருந்தார்.

"இன்னும் வெடிக்கல" என்றார் அவளைப் பார்த்ததும். "கடுகு பழசா? புகை வேற வருது."

அவள் அடுப்பை அணைத்து மூடியைத் திறந்தாள். கடுகெல்லாம் வெடித்துக் கருகிக் கரியாகிக் கிடந்தது.

குமுதா சட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அலட்சியமாக விட்டிருந்தால் அவர் கூடத்தில் போய் உட்கார்ந்திருப்பார். அவர் விடவில்லை. கறிவேப்பிலையோடு காத்து நின்றிருக்கிறார். வராத சத்தத்துக்காக.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "உங்களுக்குக் கடுகுச் சத்தம் கேக்கலையா?"

அவர் கறிவேப்பிலையை மேசைமேல் வைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் கடைசியில் ஒரு சிட்டிகைக் கடுகில் மாட்டிக்கொண்டார்.

"எப்பலேருந்து?"

"தெரியல. ஒரேயடியாப் போகல. மொதல்ல போன் அடிக்கிறது கேக்காம போச்சு. அப்புறம் காலையில குருவிங்க. லோரி, இன்ஜின் உறுமறது எல்லாம் நல்லா கேக்குது. மெல்லிசான சத்தம் மட்டும் இல்ல. எதிர நின்னு பேசினா வாயப் பாத்துப் புரிஞ்சிக்கிறேன். பின்னாலேருந்து பேசினா யாரோ எங்கயோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கு."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? காதுலதான் என் பேரே இருக்கு." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போன மாசம் கார்த்திகேசு காரை மறுபடி டைனோவுல ஏத்தினேன். நான் பாட்டுக்கு அழுத்திக்கிட்டிருக்கேன். அவன் வெளிய நின்னு, அண்ணே கடுகு, கடுகுன்னு கையக் கையக் காட்டறான். எனக்கு ஒண்ணுமே கேக்கல. அவன் மட்டும் காட்டலன்னா நாலு பிஸ்டனும் போயிருக்கும். அன்னிக்கு முடிவு பண்ணினேன். காது இல்லாதவன் ஓரத்துல நடக்கக் கூடாது குமுதா. பத்துப் புள்ளி மூணுல நின்னா ஓரம் தள்ளி இருக்கும். யாருக்கும் தெரியாம பொழப்பு ஓடிரும்."

குமுதாவுக்குச் செவிடன் காதில் சங்கு என்று காலையில் விமலன் முன்னால் சொன்னது ஞாபகம் வந்தது. எத்தனை மாதமாக இந்த மனுஷனைத் திட்டியிருக்கிறாள், மனசுக்குள்!

"நான் பேசினதுக்கெல்லாம் நீங்க வேணும்னே பதில் சொல்லலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேங்க."

"நீ பேசறத நிறுத்திட்டேன்னு நான் நெனச்சேன்" என்றார் அவர். "அந்த ஃபேக்டரி வேலைக்குப் போகலன்னு கோவம்னு."

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னது அவரிடம் போய்ச் சேரவே இல்லை. அவள் வாய் வரைக்கும் அது மறுபடி வந்தது. ஆனால் ஒருமுறை சொல்லவே அவ்வளவு பாடுபட்ட வார்த்தையை இந்தத் தீய்ந்த நாற்றத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது? அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அந்த நிலையில் எது சொன்னாலும் அவருக்குக் கேட்காது என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடிகாலையில் பிஸ்டன் பெட்டி வாசலருகே காத்திருந்தது. கிள்ளான் ஸ்டேஷன் போகிற வழியில் லேத்துக் கடையில் கொடுத்துவிட வேண்டியது அவள் பொறுப்பு. முக்கால்வாசி நாள் அவர் சாமான்களை அவள்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள். அன்றும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர் ஷட்டரைத் திறந்துகொண்டிருந்தார். அவள் அவருக்குக் கையை ஆட்டிவிட்டு நேரே நடந்து ரயில் ஏறினாள்.

நான்கு பிஸ்டன்களும் அன்று முழுக்கப் பிரிக்ஃபீல்ட்ஸில் மல்லிகைக் கூடைக்கு அடியில் இருந்தன. "என்னக்கா இது, அண்டா மாதிரி கனக்குது?" என்று கேட்ட சீதாலெட்சுமியிடம், "மாமாவோட மானம், கீழ போட்டுறாதே" என்றாள். தங்கைக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சாயங்காலம் பெட்டியைக் கமலநாதன் எதிரில் வைத்து, அவர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டாள்.

"சீவிட்டாங்களா அதுக்குள்ள?"

"குடுக்கவே இல்ல. சீவினத மறுபடி ஒட்ட முடியாதுல்ல? அதான் யோசிச்சேன். உங்க ரெண்டு காதுதானே போச்சு, என்னோட ரெண்டு காது சும்மாதானே இருக்கு?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பதறினார். "வெளையாடறியா? இது பூக்கட்டற வேலை இல்ல."

"பூக்கட்டற வேலை இல்லதான். கடுகு தாளிக்கிற வேலை. அது உங்களவிட எனக்கு நல்லாத் தெரியும், நேத்துதான் பாத்தோமே."

கமலநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சத்தம் பிடிக்க மிஷினெல்லாம் வந்திருச்சு. ஆனா வால்வு தட்டறதையும் அது கடுகுன்னு சொல்லும். பக்கத்துல ஒரு மனுஷக் காது இருந்து ஆமாம் இல்லன்னு சொல்லணும்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பாதி சம்மதம் வந்துவிட்டது என்று குமுதா கண்டுகொண்டாள்.

"ஆனா ரெண்டு விஷயம்" என்றாள். "காது டாக்டரப் பாக்கணும். விமலன்கிட்ட உண்மையைச் சொல்லணும். பையன் முகத்தப் பாத்தீங்களா நேத்து?"

டாக்டரிடம் போவது சுலபமாகத்தான் இருந்தது. வருடக்கணக்கான இன்ஜின் சத்தம் மெல்லிய ஒலிகளைத் தின்றுவிட்டது, போனது திரும்ப வராது, ஆனால் காதுமெஷின் வைத்தால் வீட்டில் பேசுவது தெளிவாகக் கேட்கும் என்றார் அவர். மெஷின் வந்துசேரச் சில வாரம் ஆகும். டைனோ அறையின் இரைச்சலுக்குள் அது உதவாது என்பதையும் சொல்லிவிட்டார்.

விமலனிடம் சொல்வதுதான் மலையாக இருந்தது. கமலநாதன் மூன்று முறை தொண்டையைக் கனைத்தார். "தம்பி, எனக்குக் கடுகுச் சத்தம் கேக்கறதில்ல. அதனாலதான் சீவணும்னேன். இப்ப அக்கா என்கூட உக்காந்து கேக்கறேங்கறா. வேணாம்னா இன்ஜினை வேற எடத்துக்குக் கொண்டு போ, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

விமலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அவ்வளவுதானாண்ணே? என்னை நம்பலன்னு நெனச்சு ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல" என்றான். "அக்கா இருந்தா ஓக்கேதான். அடுப்புல கடுகு வெடிச்சா எங்கம்மா வீதியிலேருந்தே சொல்லிருவாங்க. பொம்பளைங்க காது வேறலா." போகும்போது ஒரு காரியம் செய்தான். வழக்கமாகக் கையை ஆட்டிவிட்டுப் போகிறவன், கமலநாதன் எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, "போய்ட்டு வரேண்ணே" என்றான்.

பிஸ்டன்கள் தலையோடு தப்பித்தன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதைக் கமலநாதன் கண்ணாடித் தகட்டால் மூடி, ஊசிக் குழாயால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தார். மூன்று முப்பத்தெட்டில் நின்றன, ஒன்று மட்டும் அரை சிசி முரண்டு பிடித்தது. அதையும் தேய்த்து வழிக்குக் கொண்டுவந்தார். தாம் விட்டுவிட நினைத்திருந்த அந்த ஒரு தேக்கரண்டி இடத்துக்குள் மறுபடி இறங்குகிறோம் என்ற பயம் அவருக்கு இருந்தது. இன்ஜின் பூட்டிய அத்தனை நாளும் ஒரே அளவை இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்த்தார்.

டைனோ காஜாங்கில் இருந்தது. நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் காரை ஓட்டி வலுவை அளக்கிற மெஷின் அது. பணம் கட்டினால் அரை நாள் நமக்குத் தருவார்கள். குமுதா கடைக்குப் போகாத வார நாள் என்று ஒன்று இருந்ததே கிடையாது. அன்று போகவில்லை. சேலை கட்டிக்கொண்டு போகலாமா என்று யோசித்து, கடைசியில் சுடிதாரில் போனாள்.

இன்ஜின் உடம்பில் ஒரு செம்புக் குழாயைப் பூட்டி, அதிலிருந்து நீளமான ரப்பர் குழாயை ஜன்னல் வழியாக இழுத்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த அவள் தலையில் மாட்டிய காதுமூடிக்குள் விட்டார் கமலநாதன். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாயேதான், கொஞ்சம் முரட்டு வடிவம். பிறகு அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இரைச்சலில் கத்திச் சொல்லிப் பயனில்லை. அதனால் அவள் அவர் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கடுகு வெடித்தால் அழுத்த வேண்டும் என்று ஏற்பாடு. வெளியே விமலனும் டைனோக்காரப் பையன்களும் பார்த்துக்கொண்டு நிற்க, இத்தனை பேர் நடுவில் புருஷன் கையைப் பிடிப்பதா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிடித்துக்கொண்டாள்.

கார் உறுமி ஏறியது. காதுக்குள் ஒரு பெரிய சந்தையே கூடிவிட்டது. குபுகுபுவென்று ஒன்று, சரசரவென்று ஒன்று, நடுவில் டிக்டிக்கென்று ஒன்று. அவள் பயந்துபோய் அழுத்தினாள். அவர் உடனே காலை எடுத்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"டிக்டிக்குன்னு. ஒரே சீரா, தையல் மிஷினாட்டம்."

"அது வால்வு. பயப்படாத. கடுகு சீரா வெடிக்குமா?"

வெடிக்காது. அது அவளுக்குத் தெரிந்ததுதான். முதலில் ஒன்று, அப்புறம் தள்ளி ஒன்று, பிறகுதான் கூட்டமாக. அவள் கண்ணை மூடிக்கொண்டு தன் அடுப்படியை நினைத்துக்கொண்டாள். அவர் தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளித் தள்ளி மறுபடி மறுபடி ஏற்றினார். வலுவும் கூடிக்கொண்டே வந்தது. இரண்டு முறை சுத்தம். அடுத்த முறையும் சுத்தம். அதற்கடுத்த முறை, உறுமல் உச்சிக்குப் போகிற இடத்தில், எல்லாச் சத்தத்துக்கும் மேலாக, மெல்லிசாக ஒன்று தெறித்தது. தள்ளி இன்னொன்று.

அவள் அழுத்தினாள்.

அந்தக் கணமே அவர் காலைத் தூக்கிவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை, நிஜமா என்று கேட்கவில்லை. இருபது வருடமாகத் தன் காதைத் தவிர வேறெதையும் நம்பாத மனுஷன் அவள் விரலை நம்பிக் காலை எடுத்தார். குமுதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கடுகா?"

"கடுகேதான். ரெண்டு. மூணாவது வெடிக்கறதுக்குள்ள எடுத்துட்டீங்க."

அவர் பொறியை இரண்டு டிகிரி பின்னால் இழுத்தார். மறுபடி ஏற்றினார்கள், இறக்கினார்கள், ஏற்றினார்கள். கடுகு வெடிக்கவே இல்லை. பதினொன்றரை நிலைத்துவிட்டது. திரையில் வந்த வலுவின் எண்ணை விமலன் போனில் படமெடுத்து ஊருக்கே அனுப்பினான். குமுதாவுக்கு அந்த எண் இன்றுவரை ஞாபகமில்லை.

சாலையில் ஓட்டிப் பார்க்காமல் காரைக் கொடுப்பது கமலநாதனுக்கு வழக்கமில்லை. விமலன் அவர்களுடைய வேனை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். இவர்கள் அவனுடைய சத்ரியாவில் கிள்ளான் பக்கம் திரும்பினார்கள். மாலை வெயில் எதிரே அடித்தது. அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது, தீபாவளிக்குப் பிறகு அவள் கதவிடுக்கில் பார்த்த அதே சிரிப்பு.

அவர்தான் முதலில் ஆரம்பித்தார். "குமுதா, நான் கேக்காம விட்டது நெறைய இருக்குமில்ல? சமையக்கட்டுலேருந்து நீ என்னென்ன சொன்னே?"

"மழை வரும்போல இருக்கு, துணிய எடுங்கன்னு சொன்னேன்."

அவர் அவள் வாயைப் பார்க்க ஒரு கணம் திரும்பி, மறுபடி சாலையைப் பார்த்தார். "என்ன? மழையா?"

"இப்ப இல்ல. அப்ப."

"அப்புறம்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அப்புறம் ஒண்ணு சொன்னேன்" என்றாள். ஜன்னலைப் பார்த்துச் சொன்னதால் அது அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் ஏதோ சொன்னாள் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து வந்த பெட்ரோல் நிலையத்துக்குள் காரைத் திருப்பி, ஓரமாக ஒரு மரத்தடியில் நிறுத்தினார். இன்ஜின் மெதுவாக, அழகாக ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ நாள் உழைப்பு. அதன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கேட்க யாருக்கும் ஆசையாக இருக்கும்.

கமலநாதன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். இருக்கையில் முழுசாகத் திரும்பி அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு."

தப்பிக்க வழியில்லை. பாத்திரம் இல்லை, குழாய் இல்லை, காட்டுவதற்கு முதுகும் இல்லை. குமுதா அவர் கண்ணைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"ஃபேக்டரி வேணாங்க. நீங்க இன்ஜின்காரராவே இருங்க. அப்படி இருக்கற உங்களைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."

"இன்னொரு தடவ சொல்லு" என்றார் அவர்.

"ஏன், கேக்கலையா?"

"கேட்டுச்சு" என்றார் கமலநாதன். "அதனாலதான்."